லட்டில் உட்காராத ஈ

சௌந்தரராஜனின் அறையில் ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. ரோஜா வாசனை ஸ்பிரே அடித்திருந்தார்கள். சுவரில் மூன்று சாமி படங்களைச் சுற்றிச் சீரியல் பல்பு மினுமினுத்தது. இத்தனை இருந்தும், உள்ளே நுழைந்ததும் துப்பறிவாளர் வெள்ளைச்சாமியின் மூக்கில் ஏறியது பழைய தயிர்சாதத்தின் புளித்த வாடைதான்.

மேஜையை ஒட்டி ஒரு குப்பைக்கூடை. டிபன் கேரியரிலிருந்து கவிழ்த்த மிச்சம் அதில் நாலைந்து நாளாகவே கிடந்தது. கூடையைக் கால்களுக்கு நடுவே விட்டு அதன் மேலே ஒரு ஸ்டூல், ஸ்டூலின் மேல் நாடா போட்டுக் கட்டிய காகிதக் கட்டு. பாகலூர் ரோட்டில் பாதியை வளைத்துப் போட்டுக் கோழித்தீவன மில் நடத்துகிறவருக்குக் கூடையைக் கொட்ட ஓர் ஆள் கிடைக்கவில்லையாம்.

"பெருக்கறவங்களை இந்த ரூம்புக்குள்ள விடறதில்லைங்க," என்றார் சௌந்தரராஜன். "எல்லாம் கைநீளம். கண்ணுல பட்டதை இடுப்புல சொருகிட்டுப் போயிடுவாளுங்க."

வெள்ளைச்சாமி தலையாட்டினார். ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடை மாடியில் துப்பறியும் ஆபீஸ் வைத்து அவருக்கு எட்டு வருஷம். இந்த ஊரில் துப்பறிவது என்றால் வேறொன்றுமில்லை. சிப்காட் மாப்பிள்ளை பர்மனென்டா கான்ட்ராக்டா, சனிக்கிழமையானால் பார்டர் தாண்டி அத்திப்பள்ளியில் குடித்துவிட்டு வருகிறானா என்று பெண் வீட்டாருக்குப் பார்த்துச் சொல்வதுதான். எட்டு வருஷத்தில் மனிதர்கள் மேல் அவருக்கு இருந்த மரியாதையெல்லாம் தேய்ந்து, இப்போது யார் வாயைத் திறந்தாலும் பேச்சை நம்பாமல் முதலில் பல்லைத்தான் எண்ணுவார்.

"பாத்தீங்களா, பாத்தீங்களா? ஈ! என் ரூம்புல ஈ!"

ஜன்னல் கண்ணாடியில் பத்துப் பதினைந்து உட்கார்ந்திருந்தன. காலண்டரில் நாலு, காகிதக் கட்டின் ஓரத்தில் இரண்டு. வீட்டு ஈ மாதிரி இல்லை. கறுப்பாக, நீளமாக, குளவிக்குத் தம்பி மாதிரி இருந்தன.

"போன வெள்ளிக்கிழமையிலிருந்து இந்தக் கூத்துங்க. கெலவரப்பள்ளி டேமுக்குப் போற வழியில ஒருத்தி புழு வளக்கறா. காளியம்மாள்னு பேரு. கம்பெனி கேன்டீன்ல மிச்சமாகற எச்சச்சோத்தை அள்ளியாந்து, அதுல புழு வளத்து, கோழிக்கும் மீனுக்கும் தீனின்னு விக்கறா. த்தூ! நான் கருவாட்டுத் தூள் போட்டு முப்பது வருஷமா தீவனம் ஆட்டறேன். இவ புழுவைக் காட்டி என் கஸ்டமரைக் கலைக்கறா. அந்தச் சாக்கடையிலிருந்துதான் இந்த ஈ பறந்து வருது."

"ஏழு கிலோமீட்டர்," என்றாள் சுவாதி. "ஷேர் ஆட்டோவுல வருதுங்களா?"

சுவாதி அவருடைய உதவியாள். தொரப்பள்ளிப் பெண். தமிழ், தெலுங்கு, கன்னடம், கொஞ்சம் இந்தி என்று நாலு மொழியிலும் வாயாடத் தெரிந்தவள். சம்பளம் ஒரு மொழிக்குத்தான் என்பது அவளுடைய நிரந்தரக் குறை.

சௌந்தரராஜன் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஸ்டூலில் இருந்த கட்டைத் தட்டிக் காட்டினார். "நூத்திப் பன்னண்டு பேர் கையெழுத்துப் போட்ட மனு. அந்த ஷெட்டு நாத்தம் தாங்கலைன்னு. நாளைக்குக் காலைல தாசில்தார் விசாரணை, அங்கதான் இதைக் குடுக்கணும். நாத்தத்தோட ஈயும் சேந்துட்டா ஷெட்டுக்குச் சீல் நிச்சயம். நீங்க ஒரு ரிப்போர்ட் எழுதிக் குடுங்க. ஈ எங்கிருந்து வருது, யாரால வருது. யார் பேரு வந்தாலும் சரி, அழுத்தி எழுதுங்க. மூணு காப்பி போடுங்க."

"யார் பேரு வந்தாலும்?"

"யார் பேரு வந்தாலும்!"

அதற்குள் போன் அடித்தது. சௌந்தரராஜன் ரிசீவரை எடுக்கவில்லை. ஸ்பீக்கர் பொத்தானைத் தட்டிவிட்டுச் சாய்ந்துகொண்டார். யாரோ ஒரு சில்லறை வியாபாரி, லோடு இரண்டு நாள் தாமதமாகிவிட்டது என்று கெஞ்சினான். அந்தக் கெஞ்சலை எல்லாரும் கேட்கட்டும் என்று முழுதாக ஓடவிட்டு, பிறகு ஒரே வார்த்தையில் துண்டித்தார். வெள்ளைச்சாமி மனசுக்குள் சௌந்தரராஜனின் பல் வரிசையில் இன்னொன்றை எண்ணிக்கொண்டார்.

மேஜையில் தீபாவளிக்கு டீலர்களுக்குக் கொடுக்கிற லட்டுப் பெட்டி திறந்தபடி இருந்தது. யாரும் சொல்லாமலேயே சுவாதி ஒன்றை எடுத்துக் கடித்தாள். பாதியை மென்றபடி பெட்டியை உற்றுப் பார்த்தாள்.

"இத்தனை ஈ இருக்குது, ஒண்ணுகூட லட்டு மேல உக்காரலை சார். ஈக்கே பிடிக்காத லட்டை நான் தின்னுட்டேன்."

வெள்ளைச்சாமி சிரிக்கவில்லை. சௌந்தரராஜனின் நாற்காலிக்குப் பின்னால் இருந்த தேக்குக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பூட்டின் மேலும், கதவும் நிலையும் சேருகிற இடத்திலும், ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்து அப்படியே ஒட்டியிருந்தன.

*

காளியம்மாளின் ஷெட்டை அடைய வழி கேட்கத் தேவையிருக்கவில்லை. மூக்கே வழி சொன்னது. ஸ்கூட்டரை நிறுத்தியதும் வெள்ளைச்சாமி கைக்குட்டையை எடுத்து மூக்கை இறுக்கிப் பொத்திக்கொண்டார். புழு வளர்க்கிறவளைப் பற்றி அவருக்கும் பெரிய அபிப்பிராயம் எதுவுமில்லை. ஊர் முழுக்க ஒருத்தியைக் காறித் துப்பினால் அதில் பாதியாவது நியாயம் இருக்கும் என்பது அவர் கணக்கு.

ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே வரிசையாகச் சிமென்ட் தொட்டிகள். நாற்பது வயதிருக்கும் ஒரு பெண், சேலையை ஏற்றிச் செருகி, ரப்பர் செருப்போடு நின்றாள்.

"நீங்கதான் காளியம்மாளா?" என்றார் கைக்குட்டைக்குள்ளிருந்து.

"ஆமா. மூக்கைப் பொத்துனா வாய் கொளறுதுல்ல, கைய எடுத்துட்டுப் பேசுங்க சார். நாத்தம் எம் புழுவுக்குக் கெடையாது. நீங்கள்லாம் மிச்சம் வச்ச சோத்துக்குத்தான்."

சுவாதி வெள்ளைச்சாமியின் முகத்தைப் பார்த்து ரசித்தாள். அவர் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

காளியம்மாளுக்குச் சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். புருஷன் கம்பெனி வேலைக்கு வந்தபோது கூடவே வந்தவள். அவன் போய்ச் சேர்ந்த பிறகு ஆறு வருஷம் ஒரு கேன்டீனில் தட்டுக் கழுவினாள். ஒரு ஷிஃப்டுக்கு மூன்று டிரம் சோறு குப்பைக்குப் போவதைப் பார்த்துப் பார்த்து வயிறெரிந்தாள். பெங்களூரிலிருந்து ஆராய்ச்சிக்கு வந்த ஒரு பையன் இந்தக் கறுப்பு ஈயைப் பற்றிச் சொல்லிக்கொடுத்துவிட்டு, பட்டம் வாங்கிக்கொண்டு போய்விட்டான். மீதியை அவளே படித்தாள். ஈயைப் பழக்கி வசத்துக்குக் கொண்டுவர மூன்று வருஷம் ஆகியிருந்தது.

"இதப் பாருங்க." ஒரு தொட்டியின் சுவர் சாய்வாக மேலேறியது. கொழுத்த புழுக்கள் அந்தச் சரிவில் ஊர்ந்து ஏறி, விளிம்பிலிருந்து பொத்துப் பொத்தென்று வெளியே இருந்த வாளியில் விழுந்தன. "வயிறு நெறஞ்சதும் அதுவாவே வெளிய ஏறி வரும். நான் கையால பொறுக்கறதே இல்ல."

"தானா ஏறி, தானா வாளிக்குள்ள விழுதா?" என்றாள் சுவாதி. "நம்ம கேஸ்ல ஒருத்தனாச்சும் இப்படி விழுந்திருக்கானா சார்?"

"இந்த ஒரு தொட்டிதான் ஓடுதா?" என்றார் வெள்ளைச்சாமி. மற்ற தொட்டிகளில் சோறு பொங்கி நுரைத்து நின்றது. அதில் புழுவைக் காணோம். வீட்டு ஈதான் மொய்த்தது.

காளியம்மாளின் வாய்த்துடுக்கு அங்கேதான் நின்றது. ஷெட்டின் கோடியில் கொசுவலையால் கட்டிய ஒரு கூண்டைக் காட்டினாள். ஆளுயரக் கூண்டு. உள்ளே ஒன்றுமே இல்லை.

"ஆயுத பூஜையன்னிக்கு வாளிக்கும் சல்லடைக்கும் பொட்டு வச்சுட்டு, கேன்டீன்ல பூஜைப் பொங்கல் அண்டா எடுக்கப் போயிருந்தேன். திரும்பி வந்தா ரெண்டு மூட்டையக் காணோம். கூட்டுப்புழு மூட்டை சார். விதைக்குன்னு உமியில போட்டு வச்சிருந்தது. அதுதான் ஈயாகும், ஈதான் முட்டை வைக்கும், முட்டைதான் புழு. விதைநெல்லக் கொண்டுபோயிட்டான். இப்ப கேன்டீன் சோறு தெனமும் வருது, திங்கப் புழு இல்ல. கெடந்து நாறுது. இந்த நாத்தத்துக்குத்தான் மனு. நாளைக்குச் சீல் வச்சுட்டாங்கன்னா நான் மறுபடி தட்டுக் கழுவத்தான் போகணும்."

"போலீசுக்குப் போனீங்களா?"

"போனேன். ஈ காணாமப் போச்சுன்னு எழுதிக்கவா, பறந்து போச்சுன்னு எழுதிக்கவான்னு கேட்டுச் சிரிச்சாங்க."

வெள்ளைச்சாமி வாளிப் பக்கம் குனிந்தார். "இந்த உயிருள்ள புழுவை ஏன் எடுக்கலை?"

"அதத்தான் நானும் யோசிக்கேன். தொழில் தெரிஞ்சவன்னா தொட்டியோட அள்ளியிருப்பான், இல்ல கூண்டைப் பிரிச்சிருப்பான். கூட்டுப்புழு கறுப்பா, அசையாம, காஞ்ச மொச்சை மாதிரி கெடக்கும். செத்ததுன்னு நெனப்பாங்க."

"வத்தல் போட்ட புழுன்னு நெனச்சிருப்பான்," என்றார் வெள்ளைச்சாமி மெதுவாக. "விக்கிறதுக்குத் தயாரான சரக்குன்னு. நெளியறதைத் தொட அருவருப்பு. காய்ஞ்சதாத் தெரிஞ்சதை மட்டும் தூக்கியிருக்கான்."

"ஈயாயிட்டா எத்தனை நாள் இருக்குங்கக்கா?" என்று கேட்டாள் சுவாதி.

"ஒரு வாரம். சோடி சேரும், நாத்தம் இருக்கற எடமாப் பாத்து, பக்கத்துல காய்ஞ்ச இடுக்குல முட்டைய வச்சுட்டுச் செத்துரும். சாப்பாடே கெடையாது. புழுவா இருக்கப்பவே மொத்தத்தையும் தின்னுருது. ஈயானப்பறம் பாயசத்தையே முன்னால வச்சாலும் திரும்பிப் பாக்காது. அத எங்க சார் சொன்னா நம்புறாங்க? ஊர்க்காரங்க வீட்டுச் சோத்துல எல்லாம் எம் ஈதான் உக்காருதாம்."

சுவாதி கையில் காகிதத்தில் சுற்றிய பாதி லட்டு இன்னும் இருந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"உங்க ஈ ஏழு கிலோமீட்டர் பறக்குமா?" என்றார் வெள்ளைச்சாமி.

"பறந்து எதுக்குச் சார் போகணும்? நாத்தம் இங்கதான இருக்கு."

நியாயமான பதில். ஆனால் துப்பறிகிறவனுக்கு நியாயம் மட்டும் போதாது. இவளே ஒரு மூட்டையைக் கொண்டுபோய் மில்லில் கொட்டியிருந்தால்? எதிரியைப் பழிவாங்க விதையையே பலி கொடுக்கிற முட்டாள்களை அவர் பார்த்திருக்கிறார். சொத்துக்காகச் சண்டை போட்டுச் சொத்தையே கொளுத்தியவர்கள் இந்த ஜில்லாவில் குறைச்சலில்லை. கேட்டே விட்டார்.

காளியம்மாள் கோபப்படவில்லை. ஏற இறங்கப் பார்த்தாள். கேன்டீனில் முழுத் தட்டைக் கொட்டிவிட்டுப் போகிற ஆபீசரை இப்படித்தான் பார்த்திருப்பாள் போலிருக்கிறது.

"மூணு வருஷம் வளத்தத அந்த ஆளோட சவ ஆபீசுல கொட்டுவேனா? அதுக்கு அவருக்குத் தகுதி வேணாமா?"

எட்டு வருஷத்தில் முதல் தடவையாக வெள்ளைச்சாமி பல்லை எண்ணாமலே ஒருவர் சொன்னதை நம்பினார். அது அவருக்கே பிடிக்கவில்லை.

"அன்னிக்கு இந்தப் பக்கம் வண்டி ஏதாச்சும் வந்துதா?"

"வாழைமரம் கட்டுன மினி லாரி ஒண்ணு போச்சுன்னு டேம் வாச்மேன் சொன்னான். ஓட்டுனது பக்கத்துத் தோட்டத்து மாதப்பனாம். சௌந்தரராஜன் மில்லுலதான் லோடு ஏத்தறான். மனுவுல மொதக் கையெழுத்தும் அவனுதுதான்."

"திருடனும் அவனே, சாட்சியும் அவனே," என்றாள் சுவாதி. "மல்டி ஸ்கில்லு."

"உங்க வலையும் வாளியும் எடுத்துட்டு வாங்க," என்றார் வெள்ளைச்சாமி காளியம்மாளிடம். "உயிரோட இருக்கறதையாவது பிடிச்சிட்டு வரலாம்."

*

மில் வாசலில் மாதப்பன் தவிட்டு மூட்டைமேல் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தான். காளியம்மாளைக் கண்டதும் பீடியை அணைத்துவிட்டு எழுந்து நின்றான். குற்றவாளிகளுக்கு மரியாதை தானாக வந்துவிடும்.

"மாதப்பண்ணா, பூசையன்னிக்கு டேம் பக்கம் வாழைமரம் பாக்கப் போனியா, வாழைமரத்தைக் காட்டப் போனியா?" என்றாள் சுவாதி.

"எனக்கு ஒண்ணுந் தெரியாதும்மா. எது கேக்கறதுன்னாலும் மொதலாளியைக் கேளுங்க," என்றான் அவன். கண் மட்டும் அந்தத் தேக்குக் கதவு இருந்த அறைப் பக்கம் போய்த் திரும்பியது.

நால்வரும் உள்ளே போனார்கள். காளியம்மாளையும் அவள் கையிலிருந்த வாளியையும் பார்த்ததும் சௌந்தரராஜன் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

"இவளை எதுக்குங்க உள்ள விட்டீங்க? வெளிய நில்லும்மா! தரையெல்லாம் போச்சு!"

"உங்க தரைய விட எஞ் செருப்பு சுத்தம்," என்றாள் அவள். நின்ற இடத்திலிருந்து நகரவில்லை.

"சார், திருடனைப் பிடிச்சாச்சு," என்றார் வெள்ளைச்சாமி. "இந்தம்மாவோட ரெண்டு மூட்டையை ஆயுத பூஜையன்னிக்குத் தூக்கினது உங்க மாதப்பன். மூட்டை இந்த மில்லுக்குள்ளதான் எங்கேயோ இருக்கு. ஈ அதிலேர்ந்துதான் வருது."

ஒரு நொடி சௌந்தரராஜனின் முகத்தில் ரத்தமே இல்லை. அடுத்த நொடி அவர் மாதப்பனை விற்றுவிட்டார். அவ்வளவு வேகமாக அவர் கருவாட்டைக்கூட விற்றதில்லை.

"எனக்கு அப்பவே சந்தேகங்க! பக்கத்துத் தோட்டக்காரனுங்களாச்சே, ரெண்டு பேரும் கூட்டு! எழுதுங்க, இவன் பேரையும் எழுதுங்க! இன்னியோட வேலை கெடையாதுடா உனக்கு!"

மாதப்பன் அணைத்த பீடியைக் காதில் செருகிக்கொண்டான்.

"எழுதறேன். எங்க ஒளிச்சு வெச்சிருப்பான்னு மட்டும் தெரியணும்," என்றார் வெள்ளைச்சாமி. "உங்களுக்குப் பின்னால இருக்கற இந்த ரூம்புல வெச்சிருப்பானோ?"

"இங்கயா? சேச்சே! இதுல பழைய லெட்ஜருங்கதான். இதுக்கு ஒரே சாவிங்க." இடுப்பில் வெள்ளிச் சங்கிலியில் தொங்கிய சாவியைத் தூக்கிக் காட்டினார். "இந்தப் பசங்களை நம்பிச் சாவி குடுக்க நான் என்ன பைத்தியமா? என் பொண்டாட்டிக்கே குடுத்ததில்லை."

"டூப்ளிகேட் போட்டிருந்தா?"

"பொட்டைப் பாருங்க சார்! பூசையன்னிக்கு என் கையால பூட்டி, கதவுக்கும் நிலைக்கும் சேத்து நானே வெச்ச பொட்டு. கதவைத் தொறந்தா கலைஞ்சிரும். ஒரு பொட்டாச்சும் கலைஞ்சிருக்கா?"

"கலையலை," என்றார் வெள்ளைச்சாமி. "அன்னிக்கு உள்ள என்ன போச்சோ, அதுதான் இப்பவும் உள்ள இருக்கு. உங்களைத் தவிர ஒருத்தர் கையும் படலை. அப்படித்தானே?"

"அப்படித்தாங்க!"

"சுவாதி, கீழே பாரு."

சுவாதி மண்டியிட்டுக் கதவின் அடியில் பார்த்தாள். கதவுக்கும் தரைக்கும் நடுவே விரல் கனம் சந்து. அதன் வழியாக ஒரு கறுப்பு ஈ நடந்து வெளியே வந்தது. இறக்கை ஈரக் காகிதம் மாதிரிச் சுருங்கியிருந்தது. பின்னாலேயே இன்னொன்று வந்தது.

"இது ஏழு கிலோமீட்டர் பறந்து வந்த ஈ இல்லைங்க," என்றாள் சுவாதி. "இன்னும் றெக்கையே விரியலை. பொறந்தே அஞ்சு நிமிஷந்தான் ஆவுது. உங்க லெட்ஜருக்குப் பிரசவம் ஆயிட்டிருக்குது."

எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று சொன்ன பிள்ளை சின்னப் பிள்ளை, அதை மன்னிக்கலாம். இந்த மனிதருக்கு வயது ஐம்பத்தெட்டு.

"சதி!" என்று கத்தினார் சௌந்தரராஜன். "இவதான் யாரையோ விட்டு உள்ள வெச்சிருக்கா! இந்த அருவருப்புப் பிடிச்ச புழுவை நான் எதுக்குங்க தொடப்போறேன்? நான் தீவன வியாபாரி!"

போன் அடித்தது. முப்பது வருஷப் பழக்கம் கையை விட்டுப் போகுமா? பதற்றத்திலும் விரல் தானாக ஸ்பீக்கர் பொத்தானைத் தட்டியது.

"சௌந்தரராஜனுங்களா? நாமக்கல் கருப்பசாமி பேசறேன். ஏனுங்க, நம்ம கம்பெனிப் புது சரக்கு, காய வெச்ச புழு, கருவாட்டை விடப் புரோட்டீன் ஜாஸ்தின்னு சாம்பிள் அனுப்பினீங்களே, என்னங்க அது? டப்பாவுல போட்டு ஷோகேஸ்ல வெச்சிருந்தேன். காலைல கடையைத் தொறந்தா டப்பா பூரா ஈங்க! கஸ்டமரு முன்னால மானம் போச்சு! செத்த சரக்கு எப்படிங்க பறக்கும்? ஹலோ? ஹலோ?"

சௌந்தரராஜன் போனை அணைத்தார்.

"நாமக்கல்லுக்குப் பஸ் ஏறிப் போயிடுச்சு சார்," என்றாள் சுவாதி.

மாதப்பனுக்கு அப்போதுதான் நாக்கு வந்தது. "மொதலாளி, வேலையை விட்டுத் தூக்கிட்டீங்க, இனி எனக்கென்னங்க பயம்? போய்த் தூக்கியாடான்னு நீங்கதானே அனுப்புனீங்க. நெளியறதை எடுக்காதே, காஞ்சதா இருக்கறதை மட்டும் கொண்டாடான்னீங்க. ரூம்புக்குள்ள வெச்சது நானு. சாம்பிளுக்கு ஒரு கை அள்ளிக் கவருல போட்டுக் குடுத்ததும் நாந்தான். பூட்டிப் பொட்டு வெச்சது நீங்க. இவ ஷெட்டை மூட மனுவுல கையெழுத்து வாங்கச் சொன்னதும் நீங்கதானுங்க."

வெள்ளைச்சாமிக்குக் கோபம்கூட வரவில்லை, அருவருப்புதான். ஊர் முன்னால் காறித் துப்பிய பண்டத்தைத் திருட்டுத்தனமாக மூட்டை கட்டி, தன் பெயரைப் போட்டு விற்கப் பார்த்திருக்கிறார். அதையாவது ஒழுங்காகத் திருடினாரா? மூட்டையைத் திறந்து ஒரே ஒரு கூட்டை விரலால் தொட்டிருந்தால் உள்ளே உயிர் அசைவது தெரிந்திருக்கும். முப்பது வருஷம் கருவாடு வாங்கி விற்றவருக்குக் காய்ந்தது எல்லாம் செத்தது. கீழே குனிந்து பார்ப்பது அவர் அந்தஸ்துக்குக் குறைச்சல்.

"சாவியைக் கொடுக்கறீங்களா, இல்ல நாளைக்குத் தாசில்தார் முன்னால திறக்கலாமா?"

சாவி வந்தது. காளியம்மாள்தான் பூட்டைத் திறந்தாள். பொட்டு உதிர்ந்தது. கதவைத் தள்ளியதும் உள்ளிருந்து ஒரு கறுப்பு மேகம் எழும்பி அவள் முகத்தில் மோதியது. அவள் கண்ணை மூடவில்லை. கேன்டீன் அரிசிச் சாக்குகள் இரண்டு மூலையில் சாய்ந்து கிடந்தன. வாயில் அவள் தைத்த சிவப்பு நைலான் தையல் பாதி பிரிந்திருந்தது. சாக்கில் கையை விட்டு அள்ளினாள். முக்கால்வாசிக் காலிக் கூடு. அடியில் இன்னும் கனமாக இரண்டு கை மிச்சமிருந்தது.

"இருக்கு," என்றாள். "கொஞ்சம் இருக்கு சார்."

அதற்கப்புறம் அவள் யாரையும் கேட்கவில்லை. வாளியைக் கொண்டுபோய்ச் சௌந்தரராஜனின் கண்ணாடி மேஜை நடுவே வைத்தாள். மூன்று நாள் ஊறிய கேன்டீன் சாம்பார்சோறு. மூடியை எடுத்ததும் ரோஜா ஸ்பிரே தோற்று ஓடியது. ஜன்னலில், காலண்டரில், சாமி படத்தில் இருந்த ஈக்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பி வாளிப் பக்கம் வந்தன. லட்டுப் பெட்டியைத் தாண்டித்தான் வந்தன. ஒன்றும் அதில் உட்காரவில்லை. அவள் வலையை வீசி வீசிப் பிடித்தாள். சௌந்தரராஜன் வேட்டி நுனியால் மூக்கை மூடிக்கொண்டார்.

"மூக்கைப் பொத்தாதீங்க சார், வாய் கொளறும்," என்றார் வெள்ளைச்சாமி. "ரிப்போர்ட் மனசுலயே எழுதியாச்சு. ஈ எங்கிருந்து வருது, யாரால வருது. யார் பேரு வந்தாலும் அழுத்தி எழுதச் சொன்னீங்க. மூணு காப்பி. ஒண்ணு உங்களுக்கு, ஒண்ணு தாசில்தாருக்கு, ஒண்ணு ஸ்டேஷனுக்கு. போன தடவை சிரிச்சவங்க இந்தத் தடவை படிச்சுட்டுச் சிரிக்கட்டும்."

"தானா ஏறி, தானா வாளிக்குள்ள விழுந்துட்டாரு," என்றாள் சுவாதி.

சௌந்தரராஜன் தலையைத் தூக்கினார். அடிபட்ட பிறகும் சிலருக்குத் திமிர் கடைசியாகத்தான் செத்துப்போகும். "மூட்டை போனா என்னங்க? மனு இருக்குது. நூத்திப் பன்னண்டு கையெழுத்து. நாத்தம் நாத்தந்தானே? நாளைக்குத் தாசில்தார் மனுவைத்தான் பாப்பாரு."

அவர் ஸ்டூல் பக்கம் கையை நீட்டினார். அதற்குள் காளியம்மாள் அங்கே போய் நின்றிருந்தாள். குப்பைக்கூடையைப் பார்த்தாள். அதற்கு மேலே இருந்த காகிதக் கட்டைப் பார்த்தாள். பிறகு தரையில் உட்கார்ந்து, கட்டின் ஓரத்தைக் கண்ணுக்கருகே வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"சார்," என்று அவள் கூப்பிட்ட குரலில் வெள்ளைச்சாமி பயந்தே போனார்.

காகித அடுக்குகளின் இடுக்கில், நூற்றுப் பன்னிரண்டு கையெழுத்துகளின் ஓரத்தில், வெளிர் மஞ்சளாகக் கொத்துக் கொத்தாக ரவை சிந்தியது மாதிரி ஒட்டியிருந்தது.

"முட்டை," என்றாள். "நாறுற கூடைக்கு மேல, காய்ஞ்ச இடுக்கு. அதுக்கு வேற என்ன வேணும்? ஒரு கொத்துல ஐநூறு இருக்கும். பத்துக் கொத்துக்கு மேல இருக்கு. எல்லாத் தொட்டிக்கும் தாராளமாக் காணும் சார்."

"அது கவர்மென்டு மனு! தொடாதே!" என்று கத்தினார் சௌந்தரராஜன்.

"இன்னும் கவர்மென்டுக்குப் போகலை சார்," என்றார் வெள்ளைச்சாமி. "உங்க ரூம்புல இருக்கு. இந்தம்மாவோட பொருள் அதுல ஒட்டியிருக்கு. பிச்சு எடுத்துக் கொடுக்கறீங்களா, விரலால?"

சௌந்தரராஜன் மஞ்சள் கொத்துகளைப் பார்த்தார். நீட்டிய கை தானாகப் பின்னால் போயிற்று.

காளியம்மாள் நாடாவை அவிழ்க்கவில்லை, ஒரு தாளைக்கூடப் புரட்டவில்லை. மனுவை அப்படியே இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு எழுந்தாள். மாதப்பன் கேட்காமலேயே இரண்டு சாக்கையும் தோளில் போட்டுக்கொண்டு அவளுக்கு முன்னால் போய்க் கதவைத் திறந்துவிட்டான்.

"பொரிய எத்தனை நாள் ஆகும்?" என்றார் வெள்ளைச்சாமி.

"நாலு நாளு. தீபாவளியன்னிக்குப் பொரிஞ்சுரும்."

அவள் படியிறங்கிப் போனாள். மேஜை மேல் வாளி மட்டும் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு போக அவள் மறக்கவில்லை, வேண்டுமென்றே விட்டுவிட்டுப் போனாள் என்பது வெள்ளைச்சாமிக்குத் தெரியும். அறையைப் பெருக்க உள்ளே வர ஆளில்லை என்பதும் தெரியும்.